ரதத்துக்கு ஒரு சுருள் வயர்

— இதுக்குப் பேரு வயராம்! வித்தவன நிக்க வச்சு இதாலயே கட்டிப் போடணும் மொதலாளி.

— அண்ணே, கண்ணாடி மேஜையில போடாதீங்க. கரி ஒட்டுது பாருங்க. இப்பத்தான் தொடச்சேன்.

— கரி ஒட்டாம சந்தனமா ஒட்டும் தாயி? வண்டி உள்ளுக்கு முழுக்க இதே கதிதான். சாவி போடுற எடத்துலருந்து செல்ஃப் மோட்டாரு வரைக்கும் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருச்சு. கேட்டுக்கங்க, மாட்டி ஒரு மாசம் முழுசா ஆகல.

— இங்கிட்டுக் குடுய்யா அத. பிளெஸ்ஸி, பிளேடை எடு. ம்... பாத்தியா? மேல செம்புக் கலரு, சுரண்டுனா வெள்ளை வெளேர்னு அலுமினியம். இது வயரு இல்லய்யா, வேஷம். இதப் போயி வண்டிக்குப் போட்டவன் எல்லாம் ஒரு ஆளா?

— போட்டவன் நாந்தான் மொதலாளி.

— அப்ப ஒன்னையத்தான் சொன்னேன். எவன்கிட்ட வாங்குன?

— ஏறி எறங்காத கடை இல்ல. கடைசியா ஒருத்தன் இதுதான் ஒரிஜினல்னு ஸ்டிக்கரு காமிச்சான். மினுமினுன்னு மின்னுச்சு.

— ஸ்டிக்கரு! ஸ்டிக்கரு அடிக்கிறது என்ன பெரிய வித்தையா? வயரு வாங்கப் போறவன் ஸ்டிக்கரப் பாத்து வாங்குனா, அப்புறம் ஸ்டிக்கர வச்சுத்தான் வண்டி ஓட்டணும். இந்தச் சந்திரசேகரு கடையில அந்தமாதிரிச் சரக்கு வாசப்படி ஏறாது, சொல்லிப்புட்டேன். ஏஜெண்டு ஏமாத்தித் தள்ளிவிட்டுட்டுப் போன ஒரு பொட்டிகூட அந்தா மூலையில கட்டிக் கெடக்கு, திருப்பி அனுப்ப. நான் கஞ்சி குடிச்சாலும் குடிப்பேன், அத விக்க மாட்டேன்.

— அதச் சொல்லித்தான் அனுப்புனாக. புதுக்கோட்டையில நல்ல வயரு வேணும்னா சந்திரசேகரு கடைக்குப் போ, ஆனா ஞாயித்துக்கெழம தொறக்க மாட்டாருன்னாக. வந்து பாத்தா தொறந்து கெடக்கு. எங்க சாமிதான் தொறந்து வச்சிருக்கு.

— சாமி தொறக்கலண்ணே, நாந்தான் தொறந்தேன். கோயில்ல பாதிப் பூசையில இருந்து எந்திரிச்சு ஓடியாந்தேன். சார் திடுதிப்புன்னு போன் போட்டு, சாவிய எடுத்துட்டு வா பிளெஸ்ஸி, கடை தொறக்கணும்ங்கிறாரு. எதுக்கு சார்னா, ஸ்டாக் பாக்கணுமாம். நேத்துதான் எல்லாத்தையும் பாத்து முடிச்சோம்.

— ஒனக்கு வாய் ரொம்ப நீளமாயிருச்சு. வேலையப் பாரு. யோவ், ஒன் பேரு என்ன?

— ராக்கன்ங்க.

— என்னென்ன வேணும், சொல்லு.

— நல்ல செம்பு வயரு ஒரு சுருளு. முனையில மாட்டுற லக்கு, அத அமுக்குறதுக்கு கிரிம்பிங் பிளேயர். மேல போடுற ஸ்லீவு, டேப்பு. பிளேயரு நல்லதா இருக்கட்டும் மொதலாளி. போன தடவ வாங்குனது, ரெண்டு லக்கு அமுக்குனதும் வாயப் பொளந்துருச்சு.

— ஒன் எலக்ட்ரீசியன் வச்சிருக்க மாட்டானா பிளேயரு? அவன் தொழிலுக்கு நீ எதுக்கு ஆயுதம் வாங்குற?

— எலக்ட்ரீசியனும் நாந்தான். எந்தப் பயலும் என் வண்டியத் தொட மாட்டேங்குறான். போன்லயே படம் பாத்துக் கத்துக்கிட்டேன்.

— படம் பாத்து வயரிங்கா? விளங்கிரும்! பிளெஸ்ஸி, மேல் தட்டுல இருக்குல்ல புதுச் சுருளு, அத எறக்கு. பாவம், இதையாவது ஒழுங்கா மாட்டட்டும். ஏன்யா, அப்படி என்ன வண்டி, தொட மாட்டேங்கிற அளவுக்கு?

— அந்தா, ஒங்க கடைக்கு எதுத்தாப்புல நிக்கிதுல்ல, அதுதான்.

— மாதாவே! சார், பூவு ஜோடிச்சு... சொர்க்க ரதம் சார் அது!

— ஏய், ஏணியில நின்னுக்கிட்டு அலறாத, விழுந்து வைக்கப் போற. அடப்பாவி, இதத்தான் கடைக்கு நேரா கொண்டாந்து நிறுத்தியிருக்கியா? வேற எடமே இல்லையா ஒனக்கு?

— நானா நிறுத்துனேன்? அது நின்னது அந்தா டீக்கடைகிட்ட. தள்ளிவிட வாங்கய்யான்னு கூப்பிட்டா, டீக்கடையில நின்ன அம்புட்டுப் பேரும் கிளாசை வச்சுட்டு நழுவிட்டான். ஒத்த ஆளாத்தான் இம்புட்டுத் தூரம் தள்ளியாந்தேன். பூரா வேட்டியும் வெள்ளை, சட்டையும் வெள்ளை. நாளைக்குச் சாக மாட்டோம்ங்கிற நெனப்பு.

— சரி, சரி, பேசாத. வாங்கிட்டு நகட்டு. ஞாயித்துக்கெழம வெயில்ல அப்படி எந்த ஊருக்கு இம்புட்டு அவசரம்?

— கோனாபட்டுக்குங்க. ஊரணிக்கு எதுத்த பெரிய வீடு. ஐஸ் பொட்டி உள்ளதான் இருக்கு, கொண்டு போயி எறக்கணும். விடிய அஞ்சு மணிக்கே எனக்குப் போன் வந்துருச்சு. ஆவுடையாள்னு ஒரு அம்மாதான் பேசுச்சு. பெரியவரு தூக்கத்துலயே போயிட்டாராம். ஒரு மகன் சிங்கப்பூர்ல, நாளைக்குத்தான் வருவானாம், அதுவரைக்கும் பொட்டி வேணும். இன்னொரு மகன் இங்கிட்டு டவுன்லதானாம். அவருக்கு இன்னும் சொல்லல, கொஞ்சம் முடியல, கெளம்பி வான்னு மட்டுந்தான் சொல்லியிருக்கோம், நீ வந்து எங்கயும் வாயத் தொறக்காதன்னுச்சு. எல்லா எடத்துலயும் இதே கூத்துதான் மொதலாளி. பெத்த பிள்ளைக்கு முடியலன்னு சொல்வாக, எனக்குத்தான் உள்ளதச் சொல்வாக.

— பிளெஸ்ஸி, அத எறக்காத.

— கையில எடுத்துட்டேன் சார்.

— எடுத்த எடத்துலயே வையிங்கிறேன்.

— என்னங்க மொதலாளி, இப்பத்தான எறக்கச் சொன்னீங்க?

— சொன்னேன். அது வண்டிக்கு. பொணம் தூக்குறதுக்கு என்னய்யா செம்பு வயரு? உள்ள படுத்திருக்கவரு எந்திரிச்சு வந்து, ஏண்டா அலுமினியம் போட்டன்னு கேக்கப் போறாரா?

— கேக்க மாட்டாரு. வண்டி நடுரோட்டுல நின்னா, கூட வர்ற சனம் கேக்கும்ல?

— கேட்டா சொல்லு, நம்ம கடையில இல்லன்னுட்டாகன்னு. ஸ்டாக் இல்ல.

— சார், நேத்து சாயங்காலம்தான் ஒரு பொட்டி வந்துச்சு...

— பிளெஸ்ஸி, ஒன்னைய யாரும் கேக்கல!

— கண்ணு முன்னாடி தட்டு நெறைய அடுக்கி வச்சுக்கிட்டு இல்லங்கிறீங்க. எனக்கு என்ன பார்வையா போயிருச்சு?

— அதெல்லாம் ஆர்டரு சரக்கு. ஒர்க்ஷாப்புக்காரங்களுக்கு. ஒனக்குத்தான் மூலையில ஒரு பொட்டி இருக்குல்ல, அதுல ஒரு சுருள எடுத்துக்க.

— எது, கஞ்சி குடிச்சாலும் விக்க மாட்டேன்னீங்களே, அதுவா?

— விக்கலய்யா, சும்மாவே தர்றேன். கொண்டு போ.

— சும்மா குடுத்தாலும் அந்தக் கழுதைய நான் தொட மாட்டேன். இந்தா, மேஜைமேல கெடக்குல்ல கரிக்கட்டை, இதோட அண்ணந்தம்பி அது. அத மாட்டுனா வண்டி திருமயம் தாண்டாது.

— தாண்டாட்டி நிக்கட்டும். நின்னா என்ன குடியா முழுகிப் போச்சு?

— சார், நீங்களா சார் பேசுறது? போன மாசம் ஒரு டிராக்டர்காரரு டூப்ளிகேட் ஃபியூஸ் கேட்டதுக்கு அவரக் கழுத்தப் பிடிச்சுத் தள்ளாத கொறையா அனுப்புனீங்க.

— நீ சும்மா இருக்க மாட்டியா?

— இல்ல தாயி, சொல்லு. நல்லாச் சொல்லு. நல்ல கடை, நல்ல மனுசன்னு ஊரே சொல்லுச்சு. நல்ல கடைதான், ஆனா ஆளுக்கு ஆளு தராசு மாறும் போலருக்கு. டிராக்டருக்கு ஒண்ணு, ரதத்துக்கு ஒண்ணு. கேட்டுக்கங்க மொதலாளி, இந்த வண்டியில ஏறாம போனவன் எவனும் இல்ல. ஒங்க வீட்டுக்கும் ஒருநாள்...

— யோவ்!

— ஏன், கசக்குதா?

— வாய அளந்து பேசு. பிளேயரு கேட்டல்ல, அந்தா தொங்குது பாரு, சைக்கிள் கடைப் பிளேயரு. அத எடுத்துட்டு எடத்தக் காலி பண்ணு.

— இதுவா? இதுல வேப்பங்குச்சிகூட ஒடியாது. இந்தக் கொறடெல்லாம் கடையில வச்சுக்கிட்டு வாசல்ல பேரு மட்டும் பெருசா எழுதிப் போட்டிருக்கு. நல்ல பிளேயரு அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கு, எனக்குத் தெரியிது.

— அதுக்குச் சாவி இல்ல.

— சாவி என்கிட்ட இருக்கு சார்.

— ஒன்கிட்டயும் இல்ல!

— சார், எதுக்கு சார் இப்படி நிக்கிறீங்க? குடுத்து அனுப்புனா வண்டி எதுத்தாப்புலருந்து போயிரும். நமக்கும் நல்லதுதானே? எனக்கு அதப் பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. அந்தா, போன் அடிக்கிது பாருங்க, எடுங்க.

— அடிக்கட்டும்.

— காலையிலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கு சார். ஆவுடையாள் ஆச்சின்னு வருது. நீங்க எடுக்கலன்னா என் நம்பருக்குப் பண்ணுவாங்க.

— குடு இங்கிட்டு. சொல்லுங்க ஆச்சி... ம்... காலையிலயே சொன்னீகளே, அப்பச்சிக்குக் கொஞ்சம் முடியலன்னு... ம்... கஞ்சி குடிச்சாகளா?... சரி, தூங்கட்டும். எழுப்பாதீக... நான் வர்றேன். கடையில ஆளு நிக்கிது ஆச்சி... இல்ல, பைக்குல வரல... வர்றேன்னு சொல்றேன்ல, அழுகாதீக. எதுக்கு அழுகுறீக? கொஞ்சம் முடியலன்னுதான சொன்னீக, அதுக்கு யாராச்சும் அழுவாகளா? வைங்க. என்னய்யா அப்படிப் பாக்குற? கடன் கேட்டு வந்தவன் மாதிரி?

— இல்லங்க. தாயி, மொதலாளிக்குச் சொந்த ஊரு எது?

— சார் கோனாபட்டுதாண்ணே. நீங்க போற ஊரேதான்! ஞாயித்துக்கெழமன்னா சார் ஊருக்குப் போயிருவாரு. அவங்க அப்பாவுக்குச் சவரம் பண்ணிவிட்டு, கூட ஒக்காந்து சாப்பிட்டுட்டு சாயங்காலம்தான் வருவாரு. அதுக்குத்தான் கடையவே அடைக்கிறது. இன்னைக்கு என்னமோ தெரியல, அப்பாவுக்கு முடியலங்கிறாங்க, இவரு ஊருக்குப் போகாம ஸ்டாக்கு பாக்குறாரு.

— ஒரு டம்ளர் தண்ணி கொண்டா தாயி.

— உங்களுக்காண்ணே?

— மொதலாளிக்கு.

— எனக்கு எதுக்குய்யா தண்ணி? நான் கேட்டேனா? கொஞ்ச நேரம் முன்னாடி என்னமாப் பேசுன, இப்ப என்ன கொரலு தரையில போகுது? பேசுய்யா. ஆளுக்கு ஆளு தராசுன்னியே, இன்னும் சொல்லு.

— தெரியாமச் சொல்லிட்டேன். விட்டுருங்க.

— ஏன் விடணும்? ஒரு சுருளு வயரு கெடைக்கிதுன்னா கால்ல விழுந்துருவியா? இம்புட்டுதான் ஒன் ரோஷமா? ஏறி எறங்காத கடை இல்லன்னு சொன்னல்ல, எந்திரிச்சு அடுத்த கடைக்குப் போ.

— இன்னைக்கு எந்தக் கடையும் தொறக்கலங்க. மொதலாளி, நீங்க என்னைய என்ன வேணாலும் ஏசுங்க. பரவால்ல. அந்த மேல் தட்டுச் சுருளு மட்டும் வேணும். வேற வீட்டுக்குன்னா நான் இந்த டூப்ளிகேட்டு வாங்கிட்டுக்கூடப் போயிருவேன். இந்த வீட்டுக்கு ஆகாது.

— எந்த வீட்டுக்கு?

— நான் போற வீட்டுக்கு. வெயிலு ஏறுது. பெரியவர வெறுந்தரையில போட்டுருப்பாக, இல்ல பெஞ்சுல. ஐஸ் பொட்டி இல்லாம நேரம் போகப் போக... ஒங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. சிங்கப்பூர்ல இருந்து வர்ற மகன் நாளைக்கு மொகத்தப் பாக்கணும்ல?

— அவன் மொகத்தப் பாத்து என்ன கிழிக்கப் போறான்? இருந்தப்ப வந்து பாத்தானா? வருசத்துக்கு ஒரு தடவ வந்து சென்ட்டு பாட்டிலக் குடுத்துட்டுப் போற பய. அவரு சென்ட்டா போட்டாரு? நீ சவரம் பண்ணிவிடுறா, கை நடுங்குதுன்னு என்கிட்டதான...

— சார், யாரச் சொல்றீங்க?

— யாரையும் சொல்லல. பொதுவாச் சொன்னேன். சிங்கப்பூரு போன எல்லாப் பயலும் அப்படித்தான்.

— மொதலாளி, செத்த ஒக்காருங்க.

— என்னைய எதுக்குய்யா ஒக்காரச் சொல்ற? என் கடை, என் நாற்காலி. நான் நிப்பேன்.

— சரி, நில்லுங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நான் வண்டி ஓட்டுறவன். சொல்ற வேலை எல்லாம் சொந்தக்காரவுக வேலை. வாயத் தொறக்காதன்னுதான் அந்த அம்மா சொல்லுச்சு. ஆனா ஒங்களைய இப்படியே விட்டுட்டும் போக முடியாது. நீங்க பைக்க எடுத்துக்கிட்டு என் பின்னாடி வரவும் கூடாது.

— சாருக்கு என்னண்ணே? ஏன் பைக்குல போகக்கூடாது? அண்ணே... மாதாவே... அண்ணே, நீங்க சொன்ன அந்த ஆவுடையாள், சார் வீட்டு ஆச்சியா...

— இரு தாயி.

— என்ன ரகசியம் பேசுறீங்க ரெண்டு பேரும்? வயரு தர மாட்டேன்னா தர மாட்டேன். அதுக்கு அழுகுறியா பிளெஸ்ஸி? அழுகாத. ஞாயித்துக்கெழம கடையில நின்னு அழுகக்கூடாது. அந்தச் சுருள எதுக்குத் திரும்ப எறக்குற? வையி!

— முடியாது சார். நான் எறக்கத்தான் போறேன்.

— நாளைலருந்து நீ வேலைக்கு வர வேணாம்.

— சரி சார்.

— மொதலாளி, இங்கிட்டுப் பாருங்க. கோவிச்சுக்காதீங்க. நான் பொட்டிய எறக்கப் போறது ஒங்க வீட்டுலதான். ஒங்க அப்பச்சிக்குத்தான். தெரியாம வந்துட்டேன், தெரியாமப் பேசிட்டேன். வயரக் குடுங்க, சட்டுனு மாட்டிருவேன். முன் சீட்டுல ஏறுங்க, ஒண்ணாப் போயிருவோம்.

— அத எனக்கு நீ சொல்ற, பெரிய இவன் மாதிரி. ஏன்யா, ஆச்சி முடியலன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாமயா நான் கடைய வந்து தொறந்தேன்? அப்பவும் வேற எதுவோ சாதாரணமா இருக்கும்னு நின்னுக்கிட்டு இருந்தேன், நீ வந்து ஊரணிக்கு எதுத்த வீடுன்ன. ஒனக்கு நல்ல வயரக் குடுத்தா வண்டி கெளம்பிருமேய்யா. நீ அங்க போயி பொட்டிய எறக்குற வரைக்கும் எங்க அப்பச்சிக்குக் கொஞ்சம் முடியல, அம்புட்டுத்தான்.